ஐம்பது வரை எண்ணியவள்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் எஃகு ஸ்டாப் வாட்ச் அது. தலையில் ஒரு குமிழ். ஒரு முறை அழுத்தினால் முள் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும், மூன்றாவது முறை அழுத்தினால் துள்ளிக்கொண்டு பூஜ்யத்துக்குத் திரும்பும். யாரோ ஒரு பழைய கல்லூரியிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பொருள்களோடு வந்தது என்பார்கள். மூன்று ஆண்டுகள் அதை நானும் என் லேப் கூட்டாளியும் மாறி மாறிப் பிடித்திருக்கிறோம். அவள் கையிலிருந்து என் கைக்கு வரும்போது சூடாக இருக்கும். அவளுக்கு எப்போதும் உள்ளங்கை வியர்க்கும். துப்பட்டா முனையில் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில், பாறைக் குன்றுகளுக்கும் தரிசு நிலத்துக்கும் நடுவில் கட்டப்பட்ட புதிய பல்கலைக்கழகம் அது. கலைப் பாடங்கள்தான் அங்கே பிரதானம். ஆனால் எந்தப் பாடத்தை மேஜராக எடுத்தாலும் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றை மைனராகப் படிக்க வேண்டும் என்பது விதி. நான் பொருளாதாரம் எடுத்தேன். மைனராக உளவியல் கேட்டேன். இடம் நிரம்பிவிட்டது என்று இயற்பியலில் தள்ளிவிட்டார்கள். பிளஸ் டூவில் படித்ததுதானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டில் போய், "பிசிக்ஸ் மைனர்" என்று சொன்னபோது அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "மைனரா? அப்ப கழுத்துல செயினு எங்க?" என்றார். எங்கள் ஊரான திருவாதவூரில் மைனர் என்றால் வேலை வெட்டி இல்லாமல் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுத் திரிகிற ஆள். பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய அதே அர்த்தத்தில்தான் எங்களைப் பார்த்தார்கள். இயற்பியலையே மேஜராகப் படித்தவர்கள் புதுக் கருவிகளை வைத்துக்கொண்டு முன் மேசைகளில் நிற்பார்கள். நாங்கள் எட்டுப் பேர் கடைசி இரண்டு மேசைகளில், மிச்சம் மீதி இருந்த கருவிகளோடு.

அவள் வரலாறு படிக்க வந்தவள். மதுரை நகரத்துக்குள் நெருக்கமான தெரு ஒன்றில் வீடு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். தாத்தா காலத்தில் தறி இருந்ததாம். அவள் காலத்தில் சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கடைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. பள்ளி நாள்களிலிருந்தே மாலையில் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைப்பது, சீட்டில் எழுதியிருக்கிற பவரும் லென்ஸின் பவரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, சட்டத்தின் காதை வளைத்துப் பொருத்துவது எல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கள் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஒளியியலில் இரண்டாண்டு மேற்படிப்பு ஒன்று இருந்தது. மைனர் படித்தவர்களில் ஒருவருக்கு அதில் இடம் தருவார்கள். செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும். இயற்பியலையே மேஜராக எடுக்கப் பிளஸ் டூ மதிப்பெண் போதாததால், அந்த ஓர் இடத்துக்காகத்தான் அவள் அங்கே வந்து சேர்ந்தாள். வரலாறு, அந்த இடத்துக்குப் போவதற்கான பேருந்துச் சீட்டு மாதிரி. மற்ற ஏழு பேருக்கும் இயற்பியல் எப்படியாவது கடந்து போக வேண்டிய பாடம். அவளுக்கு மட்டும் அது வேண்டியிருந்தது.

செய்முறை வகுப்பு என்பது எப்படி நடக்கும் என்று தமிழ்நாட்டில் அறிவியல் படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விடை என்ன வர வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கும். புவியீர்ப்பு முடுக்கம் என்றால் ஒன்பது புள்ளி எட்டு. எடுத்த அளவுகள் அந்த எண்ணைத் தரவில்லை என்றால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அளவுகளை அதற்கு ஏற்றாற்போல் எழுதிக்கொள்வோம். ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணுவது என்று அதற்குப் பெயர். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவது போல அது ஒரு பழக்கம். ஆசிரியர்களுக்கும் தெரியும்.

அவள் மட்டும் செய்ய மாட்டாள். அதைக் கொள்கை மாதிரி பேசியதும் இல்லை. "எனக்குக் கை வரல புள்ள" என்பாள். "கடைல கால் பவர் தப்பாப் போட்டுக் குடுத்தா, வாங்கிட்டுப் போனவருக்கு நாள் பூரா தலவலி. மறுநா வந்து நிப்பாரு. அவரு மொகத்தப் பாக்கணுமே." இயற்பியல் ஆய்வகத்தில் யாரும் மறுநாள் வந்து நிற்கப்போவதில்லை என்று நான் சொன்னேன். சிரித்தாள். அதோடு சரி. தான் எடுத்த அளவையே எழுதினாள். பெரும்பாலும் அது சரியாகவும் வந்தது. ஏனென்றால் அவள் கவனமாக எடுப்பாள். அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பல நாள்கள் அவளால் எனக்கு மதிய உணவு தாமதமாகியிருக்கிறது.

எண்ணும்போது அவள் தன் வீட்டு மொழியில் எண்ணுவாள். ஊசல் இடமும் வலமுமாக ஆடும். ஒவ்வொரு முழு ஆட்டத்துக்கும் உதடு அசையும், தாழ்ந்த குரல் கேட்கும். தமிழில் எண்ணேன் என்று ஒருமுறை கேட்டேன். "பேசறது எந்த பாஷைலயும் பேசிருவேன். எண்ணறது மட்டும் அம்மா சொல்லிக் குடுத்த மாதிரிதான் வரும்" என்றாள். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் ஐம்பது என்று தலையசைக்கக் காத்திருப்பேன். முதல் சில மாதங்கள் அது வெறும் முணுமுணுப்பாகத்தான் காதில் விழுந்தது. பிறகு எப்போது என்று தெரியாமல் பிரிந்து கேட்கத் தொடங்கியது. பத்து எது, இருபது எது, நாற்பதிலிருந்து எப்படி மேலே போகிறது என்றெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவளோடு சேர்ந்து மனதுக்குள் நானும் அதே சொற்களில் ஐம்பது வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரிடமும் சொல்லி, என்னை எண்ண வைத்து வேடிக்கை பார்ப்பாள் என்று கூச்சம். அவளுக்கு நான் ஒன்றும் தெரியாதவளாகவே இருந்தேன்.

கடைசிச் செய்முறைத் தேர்வில் எங்களுக்குக் கூட்டு ஊசல் வந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகப் பட்டை, நெடுக ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையாகக் கத்தி விளிம்பு போன்ற தாங்கியில் மாட்டி ஆடவிட்டு, ஐம்பது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுத வேண்டும். கருவி போதாததால் இரண்டிரண்டு பேராக அளவெடுத்து, தனித்தனியாகக் கணக்குப் போடச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அவள் எண்ணினாள், நான் கடிகாரத்தை அழுத்தினேன். ஒரே அளவுகளை இருவரும் எழுதிக்கொண்டோம். கணக்குப் போட்டதும் விடை ஒன்பது புள்ளி நான்கு வந்தது.

திரும்பச் சில ஓட்டைகளில் எடுத்துப் பார்த்தோம். அதே விடை. அவள் கடிகாரத்தைக் காதருகில் வைத்துக் கேட்டாள். "இது இப்ப வேகமா ஓடுது போல" என்று மெல்லச் சொன்னாள். வேறு கடிகாரம் கேட்கலாமா என்று எழுந்தாள். மேற்பார்வையிலிருந்தவர் உட்காரச் சொல்லிவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒன்பது புள்ளி நான்கு என்றே எழுதி, கடிகாரம் வேகமாக ஓடுவதாகச் சந்தேகம் இருக்கிறது என்று கீழே ஒரு வரியும் எழுதினாள். நான் என் தாளில் புது அட்டவணை போட்டேன். ஒன்றரை வினாடி, இரண்டு வினாடி என்று ஒவ்வோர் அளவிலும் கழித்தேன். ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது வந்தது. அழகான எண். சந்தேகம் வராத அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருந்தது.

தேர்வாளர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் மேசைக்கு அழைத்தார். மற்ற மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஊசல், ஒரே வாட்ச். ரெண்டு பேருக்கும் நேரம் எப்படிம்மா வேற வேறயா இருக்கு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் மாற்றியதைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் வாயைத் திறக்குமுன் நான் பேசிவிட்டேன்.

"நான் தனியா இன்னொரு தடவ எடுத்தேன் சார். அவ அவங்க வீட்டு பாஷைல எண்ணுவா. ஒண்ணு விட்டுப் போயிருக்கும்."

யோசித்துச் சொன்னதில்லை அது. ஆனால் அவருக்கு உடனே பிடித்துப்போனது. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ போட்டுப் பார்த்தார். ஓர் ஆட்டத்தை எண்ணாமல் விட்டு, ஐம்பது என்றபோது உண்மையில் ஐம்பத்தொன்று ஆடியிருந்தால், பிழை ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். என் பொய் கணக்கிலும் பொருந்திவிட்டது. "அதான் விஷயம்" என்றார். "எங்க, எண்ணிக் காட்டும்மா பாப்போம்."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஊசல் முன்னால் நின்று முணுமுணுக்கிற குரலில் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையின் குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி. முன் மேசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. இருபதைத் தாண்டினாள், முப்பதைத் தாண்டினாள். தேர்வாளர் முதலில் விரல் மடக்கிப் பார்த்தார், எங்கோ தவறவிட்டார், பிறகு பொறுமையிழந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அந்த அறையில் அவளைத் தவிர அது புரிந்தவள் நான் ஒருத்திதான். ஒன்றைக்கூட அவள் விடவில்லை. ஐம்பதில் வந்து நின்றாள்.

"நான் விடல சார்," என்றாள்.

"சரி சரி, போங்க," என்றார் அவர்.

முடிவு வந்தபோது மைனர் மாணவர்களில் நான் முதலாவது. ஒளியியல் மேற்படிப்புக்கான அந்த ஓர் இடத்துக்குத் துறையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் பொருளாதாரத்திலேயே மேலே படிக்கப் போவதாக எழுதிக் கொடுத்தேன். அடுத்து அவள், ஆனால் செய்முறையில் அவளுக்கு வேண்டிய மதிப்பெண் இல்லை. இடம் யாருக்கும் இல்லாமல் காலியாகவே போயிற்று.

முடிவு வந்த மறுவாரம் அவள் என்னைத் தேடி, நான் ஊருக்குப் பேருந்து மாறுகிற மேலூர் பேருந்து நிலையத்துக்கே வந்தாள். ஆய்வக உதவியாளர் அந்த ஸ்டாப் வாட்ச்சை இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நிமிடத்துக்கு ஒன்றேகால் வினாடி வேகமாக ஓடுகிறது. அதை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போயிருக்கிறாள். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்: அதே கடிகாரத்தில் உன் கூட்டாளிக்கு மட்டும் சரியாக வந்தது எப்படி? என் போலி அளவுகள், கடிகாரம் சரியாக ஓடியதற்குச் சாட்சியாக அவர் கோப்பில் இருந்தன.

பேருந்துகள் கிளம்புகிற இரைச்சலில் அவள் சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"நீ அட்ஜஸ்ட் பண்ணதச் சொல்ல வேணாம்டி. எல்லாரும் செய்யறதுதான, அதுக்கு உன்ன ஏன் மாட்டி விடணும்? நான் எண்ணினது சரிதான்னு மட்டும் வந்து சொல்லு. கூட இருந்தவ நீதான."

"ஒண்ணச் சொன்னா இன்னொண்ணு கேப்பாங்க," என்றேன்.

"கேட்டா நான் பாத்துக்கறேன்."

பரீட்சையையே ரத்து செய்துவிட்டால் என் பட்டம் என்ன ஆகும் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் நான். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அதையே அவளிடம் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். நான் வேறொன்று சொன்னேன்.

"எனக்கு உங்க பாஷை தெரியாதே. நீ சரியா எண்ணுனியா தப்பா எண்ணுனியான்னு நான் எப்படிச் சொல்ல?"

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். அதுதான் இன்றுவரை எனக்கு வியப்பு. முகம் மாறவில்லை. "ஆமா, அதுவும் சரிதான்" என்றாள். "வாரேன்" என்று சொல்லி மதுரைப் பேருந்தில் ஏறினாள். அதன்பின் பல ஆண்டுகள் அவளை நான் பார்க்கவில்லை.

இப்போது எனக்குப் புள்ளிவிவரங்களோடுதான் வேலை. கிராமங்களிலிருந்து விளைச்சல், பரப்பு, மழையளவு என்று படிவங்கள் வந்து சேரும். நான் சரிபார்க்க வேண்டும். வயலுக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பப்பட்ட படிவம் எது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. நிஜமான அளவுகள் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். ஒரு வயல் காரணமில்லாமல் குறைவாகத் தரும், இன்னொன்று எகிறிப்போய் நிற்கும். கற்பனை அளவுகள் ஒன்றுக்கொன்று மரியாதையாக நடந்துகொள்ளும். எங்கே கற்றீர்கள் மேடம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அனுபவம் என்பேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். அப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். பேருந்தின் பலகையைப் படிக்காமலே ஏறி, வேறு ஊரில் போய் இறங்கிய பிறகும், டிரைவர்தான் வழி மாறிப் போய்விட்டான் என்றவர். விடுமுறை எடுத்துக்கொண்டு நானே அழைத்துப் போனேன். வரிசை நீளம். வகுப்பறைச் சுவரில் எழுத்து அட்டை மாட்டி, ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். முறை வந்ததும் கம்பீரமாக உட்கார்ந்து, மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை தடையில்லாமல் சொல்லி முடித்தார்.

பரிசோதித்த பெண் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதியவள், திரும்பாமலே, "அய்யா, எத்தன பேரு படிச்சதக் கேட்டீங்க?" என்றாள்.

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா அசடு வழிந்தார். "எம்புட்டு நேரமா நிக்கிறேன் தாயி. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிருச்சு."

அவள் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் வேறு எழுத்துகள். அப்பா மேலிருந்து மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார். "தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. அதத்தான் நான் எழுதிக்கணும்" என்று சொல்லி, சட்டத்தை அவர் மூக்கில் வைத்து, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்தாள். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், காதோரம் நரை. "உங்க அப்பாவா? நல்லாருக்கியா?" என்றாள். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

மதியம் சாப்பாட்டு வேளையில் அவள் பள்ளியின் பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் போனேன். சித்தப்பா கடையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, கண் பரிசோதகர் படிப்பைத் தனியாகப் படித்து இந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னாள். ஒரு மகன் இருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் இப்படிக் கிராமம் கிராமமாக முகாம். சொல்லும்போது குறையாக ஒன்றும் இல்லை. பழைய சிநேகிதியிடம் பேசுகிற மாதிரியே பேசினாள். அது எனக்குத் தைரியம் கொடுத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்து உண்மையைச் சொல்லிவிட்டால் இருவருக்கும் நல்லது என்று அந்த நிமிடத்தில் நம்பினேன்.

"அன்னைக்கு நீ ஒண்ணுகூட விடல," என்றேன். "எனக்குத் தெரியும். உன் கூட உக்காந்து உக்காந்து எனக்கு எண்ண வந்துருச்சு. நீ அந்த சார் முன்னால சொன்னப்ப ஒவ்வொண்ணும் எனக்குப் புரிஞ்சுச்சு."

அவள் கையை உதறிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"புரிஞ்சுச்சா?"

"ம்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருகி இறுக்கினாள். பிறகும் சொட்டியது.

"நான் இம்புட்டு வருசமா, பாவம், அவளுக்கு நெஜமாவே சந்தேகம் போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி," என்றாள். "பாஷை புரியாதவள எப்படிக் குத்தம் சொல்லன்னு. அதனாலதான் உன் மேல கோவமே வரல எனக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையசைத்தாள், கேட்டது காதில் விழுந்தது என்பதற்கான தலையசைப்பு. திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆளுக காத்துக்கிட்டு இருப்பாக" என்று சொல்லி உள்ளே நடந்தாள். சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை என்பதை அவள் போன பிறகுதான் பார்த்தேன். அதைக் கொண்டுபோய் அவள் மேசைமேல் வைத்தேன். "தேங்க்ஸ்" என்றாள். நாற்காலியில் இருந்த அம்மாளின் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றிக்கொண்டே, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அப்பா வெளியே நுணா மரத்து நிழலில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்ச புள்ளையா?" என்றார்.

"கூடப் படிச்சவ."

"கெட்டிக்காரி. சட்டுன்னு கண்டுபிடிச்சுட்டா பாத்தியா," என்றார் அப்பா. எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.